தரை காயட்டுங்க

மே 5, திங்கள்

இந்த டைரி மருந்துக் கம்பெனிக்காரர் சிஸ்டர் வாசுகிக்குக் கொடுத்தது. அவருக்கு வேண்டாமாம். குப்பையில் போடச் சொன்னார். அட்டை மழமழவென்று இருக்கிறது, போட மனம் வரவில்லை. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை வெள்ளையாகவே கிடக்கட்டும்.

பெயர் மயிலாத்தாள். வயது ஐம்பத்தெட்டு. அரசு ஆஸ்பத்திரியில் பதினோரு வருடமாகத் துப்புரவு வேலை. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றுகிற இடம் எங்களுடையது. கண்ணாடி வார்டு என்றால் ஆட்டோக்காரருக்கும் தெரியும். படித்தது ஐந்தாம் வகுப்பு. ஒப்பந்தக் கம்பெனியில் இருபத்திரண்டு பேர் வேலை செய்கிறோம். வருகைப் பதிவேட்டில் முழுப் பெயரையும் கோடு தாண்டாமல் எழுதுகிறவள் நான் ஒருத்தி. மகள் வயிற்றுப் பேத்தி போன வருடம் பத்தாம் வகுப்பில் பள்ளிக்கே முதல் மார்க். இதைச் சொல்வதற்கென்று எழுத ஆரம்பிக்கவில்லை. ஆனால் சொல்லாமல் விட்டால் நன்றாக இருக்காது.

பதினான்கு பெட்டியும் நிரம்பியிருக்கிறது. ஷிப்டுக்குச் சிஸ்டர்கள் இரண்டே பேர். துணி மாற்றுவதும் பால் புகட்டுகிற பாலாடையைக் கழுவுவதும் என் வேலை இல்லை. இருந்தாலும் செய்கிறேன். வேறு யார் செய்வது? இந்த வார்டில் மயிலாத்தாக்கா கை மாதிரி சுத்தமான கை கிடையாது என்று சிஸ்டரே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்.

மே 7, புதன்

ஆறாம் பெட்டி ஆண் குழந்தை விடியும்போது போய்விட்டது. காய்ச்சல். போன சனிக்கிழமை பதினொன்றாம் பெட்டி. அதுவும் காய்ச்சல்தான்.

பெட்டியை உள்ளும் புறமும் மூன்று தடவை துடைத்தேன். ரேஷன் கடையில் பாமாயில் வரவில்லை.

மே 9, வெள்ளி

லேப்பிலிருந்து நூர்ஜகான் வந்தாள். பஞ்சு சுற்றிய குச்சியை எல்லோர் கையிலும் தேய்த்துத் தேய்த்துக் குழாயில் போட்டாள். விரலில் ஒன்று, மணிக்கட்டில் ஒன்று. பெரிய டாக்டர் பரமசிவம் கையையும் விடவில்லை. மொத்தம் பதினோரு பேர். பெயர் கிடையாது, ஆளுக்கொரு நம்பர் சீட்டு. யார் மனதும் நோகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். என் நம்பர் ஏழு.

"எதுக்கு கண்ணு இந்தக் கூத்து?" என்று கேட்டேன்.

"கொழந்தைங்க ரத்தத்துல ஒரு கிருமி கெடச்சிருக்குங்கக்கா. அதே கிருமி இங்க யார் கையிலயாச்சும் இருக்குதான்னு பாக்கறோம்."

"என்ற கையில இருந்துதுன்னா உன்ற கைக்குத் தங்கக் காப்பு போடறேன்."

சிரித்துக்கொண்டே போனாள்.

நாலாம் பெட்டிப் பெண் குழந்தை ஒரு கிலோ நூற்றுத் தொண்ணூறு. தாய் பெயர் மேகலா. ஆறு வருடம் கழித்துப் பிறந்த முதல் குழந்தை. வளைகாப்பு முடிந்த மூன்றாம் நாளே வலி கண்டுவிட்டதால் இரண்டு கையிலும் முழங்கைவரை கண்ணாடி வளையல் அப்படியே இருக்கிறது. மத்தியானம் சிஸ்டர்கள் வேறு குழந்தையோடு போராடிக்கொண்டிருந்தார்கள். நாலாம் பெட்டிக்கு நான்தான் துணி மாற்றினேன். என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவ்வளவு சின்னக் கைக்கு அவ்வளவு பிடி.

மே 10, சனி

நாலாம் பெட்டிக்குக் காய்ச்சல்.

மே 13, செவ்வாய்

முடிவு வந்துவிட்டது. டாக்டர் எல்லோரையும் நிற்க வைத்துப் படித்தார். பதினோரு பேரில் எட்டுப் பேர் கை சுத்தம். மூன்று பேர் மணிக்கட்டில் அந்தக் கிருமி. இரண்டு, ஏழு, ஒன்பது. விரலெல்லாம் சுத்தமாக இருக்கிறதாம். வளையலுக்கும் கயிற்றுக்கும் வாட்சுக்கும் அடியில் சோப்பு போகாமல் ஒளிந்துகொள்கிறதாம்.

"யாருன்னு தேட வேண்டாம். இனிமே இந்த வார்டுல மணிக்கட்டுல ஒண்ணும் இருக்கக் கூடாது. எழுதி ஒட்டிடுங்க சிஸ்டர்" என்றார். சொல்லும்போதே அவர் கையில் சிவப்புக் கயிறு, கறுப்புக் கயிறு, மேலே வாட்ச். சிஸ்டர் "சரிங்க சார்" என்று தலையாட்டியதில் அவர் வளையல் ஆடியது.

நூர்ஜகான் தங்கக் காப்பைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

கீரை வாங்கினேன். ஆயவில்லை. அப்படியே வாடிவிட்டது.

மே 14, புதன்

வேலைக்குப் போகுமுன் கை இரண்டிலும் சோப்பு போட்டு வளையலைக் கழற்றிவிட்டேன். கைக்கு ஆறு கண்ணாடி, நடுவில் ஒரு கவரிங். வளையல் கிடந்த இடத்தில் தோல் வெளுத்து, சோப்பும் அழுக்கும் சேர்ந்து கோடு கட்டியிருந்தது. தேங்காய் நார் போட்டுத் தேய்த்தேன்.

கல்யாணமாகி நாற்பது வருடத்தில் என் கை வெறுமையாக இருந்ததே இல்லை. பழசு உடைந்தாலும் புதிதாக ஒன்றை நுழைத்த பிறகுதான் பழசை எடுப்பேன். எங்கள் பக்கம் அப்படித்தான். புருஷன் போனவளுக்குத்தான் வெறுங்கை.

என் வீட்டுக்காரர் சென்னியப்பன் தறி ஓட்டியவர், காது மந்தம். கண்ணுக்கு ஒன்றும் குறைவில்லை. காப்பி டம்ளரை நீட்டிய கையைப் பார்த்தார்.

"ஏ புள்ள, நான் இன்னும் இருக்கறன்."

"தெரியுதுங்க. ஆஸ்பத்திரியில சட்டம்."

"எல்லாருமா கழட்டிட்டாங்க?"

"நான் கழட்டிட்டேன்."

காப்பியைக் குடிக்காமல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

நாலாம் பெட்டிக்கு மூக்கில் குழாய் வைத்திருக்கிறார்கள்.

மே 16, வெள்ளி

அறிவிப்பு ஒட்டியாயிற்று. கதவுக்குப் பின்னால், காலண்டருக்கு அடியில். கதவு திறந்திருந்தால் கதவு மறைக்கும். மூடியிருந்தால் காலண்டர் மறைக்கும். படிக்க வேண்டுமென்றால் கதவை மூடிக் காலண்டரைத் தூக்க வேண்டும். நான் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறது.

சிஸ்டரிடம் கேட்டேன். அவர் மேலிடத்து ஆர்டர் நம்பரோடு வரட்டும் என்றார். டாக்டரிடம் கேட்டேன். சிஸ்டர் பார்த்துக்கொள்வார் என்றார். இன்னொரு சிஸ்டரைக் கேட்டதற்கு, "என்ற மாமியா மூஞ்சில யாருங்கக்கா முழிக்கறது" என்றாள்.

மே 17, சனி

இன்று நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

சனிக்கிழமை அரை நாள். பகல் பன்னிரண்டு மணிக்கு வேலை முடிந்து வந்தால் வீட்டு வாசலில் நான்கு பேர். என் வீட்டுக்காரரின் தங்கை பாப்பாத்தி தலையில் அடித்துக்கொண்டு நிற்கிறாள். அவள் கையில் மாலை. ஆஸ்பத்திரிக்கு ஊசி போட வந்த அவள் பக்கத்து வீட்டுக்காரி என் கையைப் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

"எங்கண்ணன் போனதை ஒரு வார்த்தை சொல்லியுடலயே அண்ணி" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

உள்ளே இருந்து குரல் வந்தது. "யாரு புள்ள அது? சோத்துக்கு வந்த ஆளுங்கன்னா ஒரு படி சேத்திப் போடு."

பாப்பாத்தி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மாலையை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் வெளியே வந்து, மாலையைப் பார்த்து, என் கையைப் பார்த்து, விஷயத்தைப் புரிந்துகொண்டார். மாலையை வாங்கி வாசலில் கட்டியிருந்த மாட்டின் கழுத்தில் போட்டார். யாரும் சிரிக்கவில்லை.

அவர்கள் போனபின் கேட்டார். "எதுக்குடி இந்த வீம்பு? நெசத்தைச் சொல்லு. என்ன நடந்துது அங்க?"

"ரெண்டு கொழந்தை செத்துப்போச்சுங்க."

"அதுக்கு நீ என்ன பண்ணுவ?"

அரிசி களையப் போய்விட்டேன்.

மே 19, திங்கள்

ஒன்பதாம் பெட்டிக்கும் இன்று காய்ச்சல் கண்டிருக்கிறது. இதோடு காய்ச்சல் கண்ட பெட்டி நான்கு. நாலாம் பெட்டிக்கு மோசம் என்று சிஸ்டர் சொல்லிக்கொண்டிருந்தார். மேகலா தாய்மார் அறையில் உட்கார்ந்து பால் பீய்ச்சிக்கொண்டே இருக்கிறாள். குடிக்க ஆளில்லை, இருந்தாலும் பீய்ச்சுகிறாள்.

"வளையலக் கழட்டு கண்ணு" என்றேன்.

"கொழந்தைய ஊட்டுக்குக் கொண்டுபோயித்தான் கழட்டோணும்னு மாமியா சொல்லியிருக்குதுங்க. இல்லீன்னா ஆகாதுங்களாமா."

"கொழந்த ஊட்டுக்கு வரணுமா வேண்டாமான்னு மாமியாகிட்ட நான் கேக்கறேன். எங்க அது?"

மாமியார் மரத்தடியில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துக்கொண்டு, வெறுங்கைக்காரி எதிரே வருகிறாளே என்று முகத்தைத் திருப்பினாள். நான் எதிரிலேயே உட்கார்ந்தேன்.

"மாங்கல்யம் எங்க இருக்குது, கழுத்துலயா கையிலயா?" என்று கேட்டேன்.

"கழுத்துலதான்."

"என்றதும் கழுத்துலதான் இருக்குது, பாத்துக்க. என்ற ஊட்டுக்காரரு காலைல எட்டு இட்லி தின்னுட்டு மாடு மேய்க்கப் போயிருக்காரு. கையில இருக்கறது வெறும் கண்ணாடி. அதுக்கடியில என்ன இருக்குதுன்னு உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

கழற்றச் சொல்லிவிட்டாள். ஆனால் கழற்றியதை எங்கே வைப்பது என்று கேட்டாள். தரையில் வைத்தால் ஆகாது. பையில் வைத்தால் திருட்டுப் போகும். கேட்டது நியாயம். இது ஏன் எனக்கு முன்பே தோன்றவில்லை?

மே 21, புதன்

தச்சுப் பட்டறையில் கிடந்த பழைய பலகை. என் வீட்டுக்காரர்தான் கொக்கி அடித்துக் கொடுத்தார், பேசாமலேயே. இருபது கொக்கி. ஒவ்வொன்றுக்கும் மேலே பெட்டி நம்பரையும் சிஸ்டர்கள் பெயரையும் நான் எழுதினேன். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, நடுவில் மாரியம்மன் படம் ஒட்டி, வார்டு வாசலில் மாட்டினேன். அம்மன் காவலில் இருந்தால் தரித்திரமும் இல்லை, திருட்டும் இல்லை.

மத்தியானம் நூர்ஜகான் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குங்கக்கா. ரெண்டாம் பெட்டி அம்மாவோட தாயத்தை எங்க மாட்டறது?" என்றாள். ரெண்டாம் பெட்டித் தாய் ஹசீனா.

படத்தைப் பிய்த்து எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். மஞ்சளைக் கழுவவில்லை. மஞ்சள் எல்லோர் சமையலிலும்தான் இருக்கிறது.

சாயங்காலம் ஆறு கொக்கி நிறைந்தது. எல்லாம் தாய்மாருடையது. சிஸ்டர்கள் பெயர் எழுதிய கொக்கியில் ஒன்றும் இல்லை.

மே 23, வெள்ளி

நாலாம் பெட்டி கண் திறந்தது. காய்ச்சல் விடவில்லை.

மே 26, திங்கள்

எனக்கு யாரையும் கழற்று என்று சொல்ல அதிகாரம் கிடையாது. சொன்னால் கேட்க யாருக்கும் கடமையும் கிடையாது. ஆனால் துடைத்த தரை ஈரமாக இருந்தால் கலெக்டரும் நின்றுதான் ஆக வேண்டும். இதைப் பதினோரு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இன்றுதான் உறைத்தது.

காலையில் சிஸ்டர் வாசுகி வந்தார். வாசற்படியில் மாப்பைப் போட்டு ஓர் இழுப்பு இழுத்தேன்.

"தரை ஈரமுங்க சிஸ்டர். வழுக்கும். காயட்டுங்க."

நின்றார். நின்ற இடத்துக்கு நேர் எதிரே பலகை. அதில் அவர் பெயர் எழுதிய கொக்கி. ஃபேனை நிறுத்தி வைத்திருந்தேன், சீக்கிரம் காயக் கூடாதென்று. தரையைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பொழுதோட காயுமா, இல்ல நாளைக்கா?"

"அது உங்க கையிலதானுங்க இருக்குது."

மூன்று நிமிடம் நின்றார். கழற்றவில்லை. ஈரத்திலேயே நடந்து உள்ளே போனார். கால்தடத்தை மறுபடி துடைத்தேன்.

இரண்டாவது சிஸ்டர் சிரித்துவிட்டாள். கழற்றி மாட்டினாள். "போறப்ப மாமியாளுக்குத் தெரியாம போட்டுக்கறனுங்க" என்றாள். அதற்கென்ன, போட்டுக்கொள்ளட்டும்.

மே 28, புதன்

பெரிய டாக்டரை நிறுத்தினேன். பின்னால் படிக்கிற டாக்டர் பிள்ளைகள் ஐந்து பேர்.

"தரை காயட்டுங்க சார்."

"எவ்வளவு நேரம்மா ஆகும்?"

"வாட்சைக் கழட்டற நேரந்தானுங்க."

பிள்ளைகளில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் முகம் சிவந்துவிட்டது. கோபக்காரர் இல்லை, நல்ல மனிதர். ஆனால் பிள்ளைகள் முன்னால் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்று அப்போதே தெரிந்தது. தெரிந்தும் மாப்பை எடுக்கவில்லை. அவர் திரும்பி அடுத்த வார்டுக்குப் போய்விட்டார்.

ஒரு மணி நேரத்தில் கம்பெனி சூப்பர்வைசர் குணசீலன் வந்து, வெள்ளிக்கிழமை டாக்டர் அறையில் விசாரணை என்றான்.

மே 29, வியாழன்

வீட்டுக்காரரிடம் சொன்னேன். வேலை போனாலும் போகும் என்றேன்.

"மன்னிப்புக் கேட்டுரு" என்றார். சற்றுக் கழித்து, "இல்ல, கேக்காத. உனக்கு அது வராது" என்றார்.

மே 30, வெள்ளி

டாக்டர் உட்கார்ந்திருந்தார். சிஸ்டர் வாசுகி, நூர்ஜகான், குணசீலன் எல்லோரும் நின்றார்கள். குணசீலன்தான் பேசினான்.

"டாக்டரையே வாசல்ல நிறுத்தற அளவுக்கு வந்துட்டியா? நீ யாரு? சிஸ்டரா? ஆஸ்பத்திரி ஆபீசரா? கலெக்டரா?"

"நான் கூட்டறவங்க."

"அப்பக் கூட்டற வேலையப் பாரு. யாரு கையில என்ன போடணும்னு சொல்றதுக்கு உனக்கு என்ன யோக்கியதை இருக்குது?"

இரண்டு வாரமாக இதை யாராவது கேட்பார்கள் என்று நினைத்திருந்தேன். இந்த டைரியிலும் எழுதாமல் சுற்றிச் சுற்றி வந்தேன். இப்போது எழுதுகிறேன்.

"யோக்கியதை இருக்குதுங்க" என்றேன். "ஏழு என்ற நம்பருங்க சார்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"இந்த வார்டுல என்ற கைதான் சுத்தம்னு நான் சொல்லிட்டிருந்தேன். நீங்க எல்லாரும் சொன்னீங்க. நாலாம் பெட்டிக்கு ஒம்பதாந்தேதி துணி மாத்துனது இந்தக் கை. அடுத்த நாள் அதுக்குக் காய்ச்சல். அதுக்கு முன்ன ஆறாம் பெட்டியையும் பதினொண்ணையும் நான் தொட்டிருக்கறேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவைன்னு எண்ணல."

"காய்ச்சல் ஒரே ஆள் கையால வந்ததுன்னு சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டர். "மூணு பேர் இருக்காங்க."

"மூணு பேருன்னுதானுங்க நானும் சொல்றேன். ரெண்டு யாரு, ஒம்பது யாருன்னு நான் கேக்கல. எனக்குத் தெரியவும் வேண்டாம். அவங்களுக்குத் தெரியும். நம்பர் போட்டு பேரை மறச்சது எங்க மனசு நோகக் கூடாதுன்னுதானுங்க. மறச்சதுனால மூணு பேரும் நிம்மதியா வளையலோட திரிஞ்சோம். நான் ஒரு நாள் திரிஞ்சேன். அந்த ஒரு நாள்ல எத்தனை பெட்டியத் தொட்டேன்னு எண்ணிக்கிட்டேதான் ராவுல தூங்கறேன்."

குணசீலன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். டாக்டர் கையை உயர்த்தி நிறுத்தினார். உயர்த்திய கையில் கயிறு இருந்ததை அவரே பார்த்தார்.

"இது கோயில்ல கட்டினதும்மா. அறுக்க மாட்டேன்."

"அறுக்க வேண்டாமுங்க. முழங்கைக்கு மேல கட்டிக்குங்க. சாமிக்கு ஒரு சாண் தூரம் ஒரு தூரமா?"

"போய் வேலையைப் பாருங்க எல்லாரும்" என்றார் டாக்டர்.

மன்னிப்புக் கேட்கவில்லை. யாரும் கேட்கச் சொல்லவும் இல்லை.

மே 31, சனி

கொக்கியில் சிஸ்டர் வாசுகியின் வளையல் தொங்குகிறது. எப்போது மாட்டினார் என்று நான் பார்க்கவில்லை. பாலாடை கழுவும் இடத்தில் பக்கத்தில் வந்து நின்றார். ஒரே குழாயில் இரண்டு பேரும் கை கழுவினோம். அவர் என்னைவிட நீண்ட நேரம் கழுவினார். மணிக்கட்டில் தோல் வெளுத்த கோடு இருந்தது.

ஜூன் 2, திங்கள்

டாக்டர் சட்டையின் வலது கை மேலே புடைத்திருந்தது. உள்ளே கயிறு. வாட்சைச் சட்டைப் பையில் போட்டிருந்தார். பிள்ளைகளிடம், "எல்லாரும் முதல்ல அந்தப் பலகையப் பாருங்க" என்றார். நான் அப்போது ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தேன். திரும்பவில்லை.

காலண்டரைக் கழற்றி வேறு சுவரில் மாட்டினேன்.

ஜூன் 6, வெள்ளி

நாலாம் பெட்டிக்குக் காய்ச்சல் விட்டு நான்கு நாள். பாலாடையில் ஐந்து மில்லி குடித்தது. மேகலா அழுதாள். நான் போய்க் கழிவறையைக் கழுவினேன்.

ஜூன் 11, புதன்

ஏழாம் பெட்டிக் குழந்தை போய்விட்டது. எழுநூறு கிராம். காய்ச்சல் இல்லை, நுரையீரல் வளரவே இல்லை என்று சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவர் சொல்லியிருக்க வேண்டியதில்லை. சொன்னதற்காக அவரை நான் மறக்க மாட்டேன்.

ஜூன் பிறந்தபின் புதுக் காய்ச்சல் ஒன்றும் இல்லை.

ஜூன் 16, திங்கள்

குணசீலன் என்னைப் புறநோயாளிகள் பகுதிக் கழிவறைக்கு மாற்றிவிட்டான்.

"டாக்டர் வுட்டுட்டாரு. நான் வுடல. இருபத்திரண்டு பேரும் நாளைக்கு உன்னாட்டம் பேச ஆரம்பிச்சா நான் கம்பெனிய எப்படி நடத்தறது?"

சிஸ்டர் வாசுகி டாக்டரிடம் சொல்லி நிறுத்தப் பார்க்கிறேன் என்றார். வேண்டாம் என்றேன். நான் கெஞ்சி அங்கே இருந்தால் என் பேச்சுக்கு அங்கே மதிப்பிருக்காது. என் இடத்துக்கு வந்திருப்பவள் தங்காயி. அவளுக்கு எழுதத் தெரியாது. வேலை சுத்தமாகச் செய்வாள். கையில் ஒன்றும் இல்லாமல்தான் வந்தாள், யாரும் சொல்லாமலே.

ஜூன் 17, செவ்வாய்

புறநோயாளிகள் கழிவறையில் எட்டுக் குழாய். சோப்பு ஒன்றுகூட இல்லை. கேட்டேன், இல்லை என்றார்கள்.

ஜூன் 18, புதன்

சோப்பு கேட்டேன். இல்லை.

ஜூன் 19, வியாழன்

சோப்பு கேட்டேன். "எத்தனை தடவை கேப்ப?" என்றான் குணசீலன். நான் தினமும் வருகிறேன், தினமும் கேட்பேன் என்றேன்.

ஜூன் 21, சனி

இரண்டு சோப்பு வந்தது. எட்டுக் குழாய்க்கு இரண்டு. திங்கட்கிழமை மற்ற ஆறுக்கும் கேட்க வேண்டும்.

ஜூன் 25, புதன்

பாப்பாத்தியின் பேத்திக்கு வளைகாப்பு. லீவு போட்டுவிட்டுப் போனேன். பந்தலில் எல்லோர் கண்ணும் என் கையில். பாப்பாத்தி என்னை மணையில் உட்கார வைத்து, வளையல்காரரிடம் சொல்லி, இரண்டு கையிலும் முழங்கைவரை அடுக்கச் சொல்லிவிட்டாள். பச்சை, சிவப்பு, பச்சை.

"எங்கண்ணன் உசிரோட இருக்கறது ஊருக்குத் தெரியட்டும்" என்றாள்.

எதிரில் உட்கார்ந்திருந்த உயிரோடிருக்கிற மனிதர், "பாயசம் இன்னொரு டம்ளர் ஊத்தச் சொல்லு" என்றார்.

வேண்டாமென்று சொல்லவில்லை. கழிவறை வேலைக்குக் குழந்தையைத் தொட வேண்டியதில்லை. கை நிறைய இருந்தது. நன்றாகவும் இருந்தது, மறைப்பானேன்.

ஜூன் 26, வியாழன்

நாலாம் பெட்டி இன்று வீட்டுக்குப் போகிறது. மேகலாவின் மாமியார் கழிவறை வாசலுக்கே வந்து சொன்னாள். "கொழந்தைய நீங்கதான் முதல்ல தூக்கோணும்னு புள்ள சொல்லுதுங்க. வாங்க."

கையைக் கழுவிக்கொண்டு ஓடினேன். வார்டு வாசலில் சிஸ்டர் வாசுகி குறுக்கே நின்றார்.

"கையக் காட்டுங்கக்கா."

அப்போதுதான் பார்த்தேன். கோபம் வந்தது. என்னையா என்று வந்தது. அவர் முகத்தில் சிரிப்பில்லை, தயக்கமும் இல்லை. நான் அந்த வாசலில் நின்றபோது என் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும்.

கழற்றினேன். புது வளையல், இறுக்கம். மேகலா உள்ளே காத்திருக்கிறாளே என்று இழுத்த இழுப்பில் வலது கையில் மூன்று உடைந்தது. கட்டைவிரல் மேட்டில் கீறி இரத்தம் வந்தது.

சிஸ்டர் என் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"காயத்தோட விட முடியாதுங்கக்கா."

"தெரியுது."

"பத்து நாள் கழிச்சுப் பரிசோதனைக்குக் கொண்டுவருவாங்க. அப்பத் தூக்கிக்கலாம்."

"தெரியுதுங்க சிஸ்டர். நீங்க உள்ள போங்க."

ஜன்னல் பக்கம் போய் நின்றேன். மேகலா குழந்தையைக் கண்ணாடிக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள். கன்னம் வைத்திருக்கிறது. ஒரு கிலோ எண்ணூற்று நாற்பது என்று சிஸ்டர் தாளில் பெரிதாக எழுதிக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தார். குழந்தையின் கை போர்வைக்கு வெளியே வந்து எதையோ பிடிக்கத் தேடியது. மேகலாவின் விரல் கிடைத்தது. வெறும் மணிக்கட்டு, வெறும் கை. பிடித்துக்கொண்டது.

அவ்வளவு பார்த்தால் போதும்.

காயத்துக்கு மருந்து வைக்கக் கட்டுப் போடும் அறைக்குப் போனேன். ஸ்டூலில் உட்கார்ந்தேன். அங்கே இருந்த சிஸ்டர் புதிது, சின்னப் பெண். பஞ்சை எடுத்துக்கொண்டு வந்தாள். கைக்கு ஐந்து வளையல்.

நான் கையை நீட்டவில்லை.

"காட்டுங்கம்மா, ரத்தம் வருதில்ல" என்றாள்.

"வரட்டும் கண்ணு. நீ வளையலக் கழட்டிப்போட்டு வா. எனக்கு அவசரமில்ல."

"நீங்க யாருங்க அதைச் சொல்ல?"

"நான் கூட்டறவ" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பின்னால் கட்டுப் போட ஒன்பது பேர் வரிசையில் நின்றார்கள். அவர்களும் அவள் கையையே பார்க்க ஆரம்பித்தார்கள்.